கடைசிச் சுவரை இடிக்காதீர்கள்!



செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா போய் வந்த மாணவர்களிடம், "அங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கல்யாண மஹால், ராஜகிரி மலை, அதன் உச்சியில் கிடக்கும் பீரங்கி என்று அடுக்குவார்கள். "கோட்டை வாயிலைப் பார்த்தீர்களா? குதிரை லாயத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டால், "அதில் பார்க்க என்ன சார் இருக்கிறது?" என்பார்கள்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஒரு கோட்டையில் மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை வாயிலும் லாயமும்தான் என்பது என் கருத்து. அரண்மனையில் அலங்காரம் மிகுதி. அது கட்டடத்தின் வேலையை மறைத்துவிடும். லாயத்தில் மறைக்க ஒன்றுமில்லை. பளு எங்கிருந்து எங்கே இறங்குகிறது, எது எதைத் தாங்குகிறது என்பதை அங்கே கண்ணாலேயே காணலாம். அதைக் காணப் பழகாததால் என்ன நேரும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வாயிலை எடுத்துக்கொள்வோம். வாயில் என்பது சுவரில் விட்ட ஓட்டைதான். ஓட்டைக்கு மேலே இருக்கும் சுவரை எது தாங்குவது? இரு பக்கமும் தூண் நிறுத்தி, குறுக்கே ஒரு நீண்ட உத்தரக் கல்லை வைப்பது ஒரு வழி. நம் கோயில் கோபுர வாயில்களில் இதைப் பார்க்கலாம். பளு ஏறும்போது அந்தக் கல் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன் மேற்பக்கம் அமுக்கப்படுகிறது; கீழ்ப்பக்கம் இழுக்கப்படுகிறது. கருங்கல் பலமாக அமுக்கினாலும் தாங்கும். இழுத்தால் எளிதில் விரிசல் விடும். வாயிலின் அகலத்தை இரு மடங்காக்கினால், கல்லின் சொந்த எடையால் மட்டும் அதன் அடிப்பக்கத்தில் உண்டாகும் தகைவு நான்கு மடங்காகிறது. ஆகவே கல் உத்தரத்தை விருப்பம்போல் நீளமாக்க முடியாது.

இரண்டாவது வழி வளைவு. நம் ஊர்ப் பக்கம் நூலுக்கா பஞ்சம்? ஒரு முழ நூலின் இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்துத் தொங்கவிடுங்கள். நூலில் இழுவிசை மட்டுமே இருக்கிறது. அந்த வடிவத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிக் கல்லால் கட்டினால், இழுவிசை முழுவதும் அமுக்க விசையாகிவிடும். இந்த உண்மையை ராபர்ட் ஹூக் 1675-ஆம் ஆண்டில் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டார். ஆனால், அதற்கு மிக முன்பே கட்டடக் கலைஞர்கள் வளைவுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சூத்திரம் தெரியாவிட்டாலும் அவர்களுக்குக் கை அனுபவம் இருந்தது.

அதே நூலைக் கொண்டு இன்னொன்றும் செய்யுங்கள். அதன் நடுவே சிறு எடை ஒன்றைத் தொங்கவிட்டு, கைகளை மெல்ல அகற்றுங்கள். நூல் நேராக ஆக ஆக, அது உங்கள் கைகளை மிகுந்த விசையோடு உள்நோக்கி இழுக்கும். வளைவில் இது தலைகீழாக நடக்கிறது. வளைவு தன் இரு பக்கச் சுவர்களையும் வெளியே தள்ளுகிறது. வளைவின் உயரத்தைப் பாதியாகக் குறைத்தால், ஏறக்குறைய இரு மடங்கு விசையோடு தள்ளுகிறது. இந்தப் பக்கத் தள்ளுவிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாயிலுக்கு வேறொரு சோதனையும் உண்டு. அது பகைவர். 4 டன் எடையுள்ள யானை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடி வந்து கதவில் மோதுவதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 50,000 ஜூல். வேகம் பாதியானால் ஆற்றல் நாலில் ஒரு பங்காகி, 12,500 ஜூலாகக் குறைகிறது. ஆகவே யானையை நிறுத்துவதற்குக் கதவைப் பருமனாக்குவதைவிட, யானை ஓடுவதற்கு இடம் கொடுக்காமல் இருப்பதே மேல். செஞ்சியின் வாயில்களில் வழி நேராகப் போகாமல் திரும்பித் திரும்பிப் போவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

வேல்ஸ் நாட்டில் 1280-களில் கட்டப்பட்ட ஹார்லெக் கோட்டையில் வாயிலே ஒரு மாளிகை போல் நிற்கிறது. அங்கே யானைப் படை கிடையாது. அதனால் வழி நேராகவே போகிறது. அதன் குறுக்கே கதவுகளும், மேலிருந்து இறக்கும் கனத்த தட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. பகைவர் வேறு, ஆகவே வடிவமும் வேறு.

இப்போது லாயத்துக்கு வருவோம். செஞ்சியில் கல்யாண மஹாலின் அருகே குதிரை லாயங்கள் என்று காட்டப்படும் அறைகள் வளைவு வளைவாக வரிசையில் நிற்கின்றன. ஹம்பியில் உள்ள யானை லாயத்தில் 11 அறைகள். ஒவ்வொன்றின்மேலும் ஒரு கூரை. அறைகள் ஏன் ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கின்றன? இட வசதிக்காக மட்டுமன்று. நடுவில் உள்ள வளைவு தன் வலப்பக்கச் சுவரை வலப்புறம் தள்ளுகிறது; அடுத்த வளைவு அதே சுவரை இடப்புறம் தள்ளுகிறது. சமமான இரு விசைகள் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அதனால் இடைச் சுவர் பருமனாக இருக்கத் தேவையில்லை.

ஆனால், வரிசையின் கடைசிச் சுவருக்கு மறுபுறம் துணையில்லை. அங்கே தள்ளுவிசை முழுவதையும் அது தனியாகத் தாங்க வேண்டும். மேசைமேல் நிறுத்திய புத்தக வரிசையில் கடைசிப் புத்தகத்துக்கு அணை கொடுப்பது போலத்தான். அணையை எடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் சாமளாபுரத்தில், நொய்யல் ஆற்றுப் பக்கம், ஒரு தோட்டத்தில் பழைய மாட்டுச்சாளை ஒன்று இருந்தது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய 5 வளைவுகள். வளைவுக்கு ஒரு ஜோடிக் காளை. செஞ்சி லாயத்தின் ஏழைத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். காளைகள் போனபின் அங்கே விசைத்தறிகள் வந்தன. நூல் மூட்டை ஏற்றிய வண்டி உள்ளே வர வேண்டும் என்பதற்காக, ஓரத்தில் இருந்த கனத்த சுவரை இடித்து, இரும்புத் தூண் இரண்டு நட்டு, ஷட்டர் போட்டார்கள். "இந்தச் சுவர்மேல கூரையே நிக்கலீங்க, சும்மா தடிச்சுக் கிடக்குது" என்றார் கொத்தனார். அவர் பார்த்தது கீழ்நோக்கிய பளுவை மட்டுமே. அதை அந்த இரும்புத் தூண்கள் நன்றாகவே தாங்கின.

அன்று காலைதான் நான் வகுப்பில் விசைகளின் இணைகர விதியை நடத்தியிருந்தேன். மாலையில் அந்த வழியே வரும்போது சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் மாதம் கடைசி வளைவின் உச்சியில் விரிசல் கண்டது. சிமெண்டு வைத்துப் பூசினார்கள். ஒரு நாள் இரவு ஷிப்டில், தறி ஓட்டுபவர்கள் தேநீர் குடிக்க வெளியே வந்திருந்த நேரத்தில், கடைசி இரண்டு வளைவுகளும் தறிகளின்மேல் விழுந்தன. பத்து நிமிடம் முன்பின்னாகியிருந்தால் இருவர் உயிர் போயிருக்கும். கொத்தனாருக்கு அந்த விதி தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைக் கரும்பலகையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

"பழையதையெல்லாம் கட்டிக்கொண்டு அழ முடியுமா? பிழைப்பைப் பார்க்க வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எல்லா மாட்டுச்சாளைகளையும் அருங்காட்சியகமாக்கச் சொல்லவில்லை. தேவைப்பட்டால் மாற்றுங்கள்; இடிக்கவும் செய்யுங்கள். ஆனால், இடிக்கும் முன், "இந்தச் சுவர் எந்தத் தள்ளலைத் தாங்குகிறது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். அதே பருமனில் ஓர் அணைச் சுவரை வேறிடத்தில் கட்டலாம். இரு பக்கச் சுவர்களையும் இரும்புக் கம்பியால் இழுத்துப் பிடிக்கலாம். வழிகள் உண்டு. கேள்வி எழுந்தால்தான் வழி பிறக்கும்.

2025-ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம், மராட்டியர் காலத்துப் படைத்துறைச் சின்னங்களாக 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் செஞ்சியும் ஒன்று. அதன் லாயத்துக்குக் காவல் உண்டு. நம் ஊர்களில் உள்ள வண்டிப்பேட்டைகளுக்கும், சாவடிகளுக்கும், மாட்டுச்சாளைகளுக்கும் அப்படி யாரும் காவல் இல்லை. கோயிலை இடிக்க ஊர் விடாது. அரண்மனையை இடிக்க அரசு விடாது. காவலாளியும் காளையும் இருந்த கட்டடத்துக்காக எவரும் வாய் திறப்பதில்லை. உழைப்பவர்கள் இன்றும் வேலை செய்துகொண்டிருப்பது பெரும்பாலும் அத்தகைய கூரைகளின் கீழ்தான்.

ஆகவே உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊரில் வரிசையாக வளைவுகள் உள்ள ஒரு பழைய கட்டடத்தைத் தேடுங்கள். உரியவரிடம் அனுமதி கேட்டு, ஆசிரியரோ பெரியவர் ஒருவரோ உடனிருக்க, அளவு நாடாவோடு போங்கள். வளைவின் அகலம், உயரம், இடைச் சுவரின் பருமன், கடைசிச் சுவரின் பருமன் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுவர் மற்றவற்றைவிடப் பருமனாக இருக்கிறதா? இல்லையென்றால் அதன் பின்னே மண்மேடோ, சாய்வான அணையோ, வேறு அறையோ இருக்கிறதா? எதுவும் இல்லையென்றால், வளைவின் உச்சியில் விரிசல் இருக்கிறதா? இருந்தால் அங்கே நிற்காமல் வெளியே வந்து, வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அவர் சிரிக்கக்கூடும். பரவாயில்லை; நூலைத் தொங்கவிட்டுக் காட்டுங்கள். என்னைப் போல் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.