மேடை வேண்டாம், பாய் போதும்



1937 அக்டோபர் முதல் நாள், சென்னை மாகாணத்தில் முதன்முதலாக, நமது சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பின்னர் சட்டம் தளர்ந்தது, இறுகியது, 1971-இல் ஒத்திவைக்கப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் டாஸ்மாக் கையில். கடை இருக்கலாமா, கூடாதா என்னும் வாதம் நடக்கட்டும். இன்று நாம் கேட்பது வேறு: குடியை விட்ட அம்மாபேட்டை நெசவாளி, மறுநாள் மாலை எங்கே போவான்?

கடையில் அவன் கண்டது மது மட்டுமா? தோழமையும் அன்றோ! அதற்கு மாற்றாகத் தோழமையே வேண்டும்.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் குலைந்த இருவர், பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும், மனந்திறந்து பேசினர். ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது. அங்கே கட்டணமில்லை, குடியை நிறுத்தும் விருப்பமே தகுதி. 27 ஆய்வுகளைத் தொகுத்த 2020-ஆம் ஆண்டுக் காக்ரேன் அறிக்கை, இக்கூட்டங்களோடு இணைக்கும் முறையான சிகிச்சை, இடையறாது குடியாதிருக்கப் பிற சிகிச்சைகளினும் மேலாகத் துணைசெய்கிறது என்றது.

எல்லாக் கூட்டமும் இப்பயன் தருமா? தராது!

பேசுவோன் தன் கதையைச் சொன்னால் கேட்போன் நிமிர்கிறான். பிறன் குற்றத்தைச் சொன்னால் கூனிக் குறுகி மறைகிறான். அங்கே சொன்னது பாவு கொடுக்கும் முதலாளியின் காதுக்கு எட்டுமாயின், அடுத்த வாரம் எவன் வருவான்? ஒருவரே தலைவராகி மற்றவரை மாணவராக்கினால், அது துணையன்று, தண்டனை.

மருத்துவரை விலக்கும் கூட்டமும் கேடே. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். முதலில் மருத்துவமனை, பிறகு கூட்டம்.

மீண்டும் தவறியவனை விரட்டுவதா? இழை அறுந்தால் தறியையா கொளுத்துகிறோம்? முடிச்சிட்டு நெசவைத் தொடர்கிறோம். அவனுக்கும் கதவு திறந்தே இருக்கட்டும். அவன் மனைவிக்கும் தனியே பேச இடம் வேண்டும், அடிபட்டவள் அவளல்லவா?

நமக்கோ ஒலிபெருக்கி பழக்கம், மாலை பழக்கம், தலைமையுரை பழக்கம். அவையனைத்தையும் வாயிலிலேயே விட்டுவிடுங்கள். ஒரு கூடம், நான்கு பாய், தேநீர் போதும். இடம் பிடித்துக் கொடுங்கள், காவலிருங்கள், பேச்சை மட்டும் அவர்களிடமே விடுங்கள்.

குடியை வென்றவனே அங்கே சொற்பொழிவாளன். நாம் கேட்கக் கற்போம்!