பிள்ளைக்கும் ஒரு சட்டத்தரணி வேண்டும்



அனுமதியின்றி மணல் ஏற்றும் உழவு இயந்திரத்தில் கூலிக்கு ஏறிய பதினைந்து வயதுப் பெடியன் பிடிபட்டால் எங்கள் ஊரில் முதலில் கேட்கும் வார்த்தை, "ஒப்புக்கொள், தண்டப்பணத்தோடு முடிஞ்சிடும்" என்பதுதான். சொல்பவர் பெரும்பாலும் தாய். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை. ஒருநாள் கூலியை விட்டுக் கிளிநொச்சி நீதிமன்றத்துக்கு அலைவதே அவளுக்குப் பெரும்பாடு. செய்யாததையும் பிள்ளை ஒப்புக்கொள்கிறான். அந்தப் பதிவு பின்னாளில் வேலைக்குப் போகும்போது எதிரே வந்து நிற்கிறது.

வசதி குறைந்தோருக்காக இலவசமாக வாதாடவே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட சிறுவருக்குச் சட்ட உதவி வேண்டும் என்கிறது இலங்கை 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 40ஆம் உறுப்புரை. 2018இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, குற்றப் பொறுப்புக்கான வயது 8இலிருந்து 12ஆக உயர்ந்தது. 12க்கும் 14க்கும் இடைப்பட்டவர் தன் செயலை விளங்கும் முதிர்ச்சி உள்ளவரா என்று நீதவான் பார்க்க வேண்டும். அதை எடுத்துச்சொல்ல ஆளில்லாத பிள்ளைக்கு இந்தத் திருத்தம் எப்படி உதவும்?

நான் கேட்பது பெரிதல்ல. வாக்குமூலம் எடுக்குமுன் பெற்றோரிடம் இலவசச் சட்ட உதவி பற்றித் தமிழில் சொல்லுங்கள். கிராம அலுவலர் அலுவலகச் சுவர்களில் அந்த விபரத்தை ஒட்டுங்கள். மாதத்தில் ஒருநாளாவது சட்டத்தரணி ஒருவர் தர்மபுரத்துக்கே வரட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
தர்மபுரம்.