சுமையை இறக்கும் இயந்திரம் யாருடையது?

ஏப்ரல் பிறந்துவிட்டால் பஞ்சாப், ஹரியானா மண்டிகளில் கோதுமை மலைபோல் குவிகிறது. அதைச் சுத்தம் செய்து, எடைபோட்டு, 50 கிலோ சணல் சாக்குகளில் நிரப்பித் தைத்து, முதுகில் சுமந்து லாரியில் ஏற்றுவோர் சுமைப்பணித் தொழிலாளர்கள். பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தோர் அவர்களில் ஏராளம். மூட்டைக்கு இவ்வளவு என்ற கூலியே அவர்களது வாழ்வு.

மோகாவிலும் கைத்தலிலும் உள்ள சைலோக்களில் இக்காட்சி இல்லை. தலா 2 லட்சம் டன் கொள்ளளவுள்ள இந்த எஃகுக் குதிர்கள் 2007 முதல் இயங்கி வருகின்றன. விவசாயியின் டிரெய்லர் எடைமேடையில் ஏறுகிறது. மாதிரி எடுக்கப்பட்டு ஈரப்பதம் சோதிக்கப்படுகிறது. தானியம் நேரே குழியில் கொட்டப்படுகிறது. அங்கிருந்து இயந்திரங்களே அதைச் சுத்திகரித்துக் குதிரின் உச்சிக்கு ஏற்றுகின்றன. சாக்கு இல்லை, தையல் இல்லை, சுமக்கும் முதுகும் இல்லை. பின்னர் தனி ரயில் பெட்டிகளில் சென்னை, கோவை, பெங்களூரு, நவி மும்பை, ஹூக்ளி சைலோக்களுக்குக் கோதுமை செல்கிறது.

இதனால் விவசாயிக்கு நன்மையே இல்லை என்பது உண்மையாகாது. மண்டியில் காத்துக் கிடக்கும் அவலம் குறைகிறது. சுத்தம் செய்யவும் இறக்கவும் ஆகும் செலவு மிச்சமாகிறது. மழைக்கும் எலிக்கும் பலியாகும் தானியமும் குறைகிறது. நாள் முழுவதும் மூட்டை சுமப்பது உழைப்பின் பெருமையும் அன்று. அச்சுமையை இயந்திரத்திடம் ஒப்படைப்பதைத் தொழிலாளி வர்க்கம் எதிர்க்கத் தேவையில்லை. ஆனால், அந்த இயந்திரம் யாருடையது, அது மிச்சப்படுத்துவது யார் கைக்குப் போகிறது என்ற கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும்.

பொதுப் பணம், தனியார் குதிர்

இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தோன்றியபோது அதன் தலைமையகம் சென்னையில் இருந்தது. முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. மக்களின் உணவைத் தனியார் வணிகரின் தயவில் விட்டுவிடக் கூடாது என்பதே அதன் பிறப்பின் பொருள். அதே கழகம் 2005இல் அதானி குழும நிறுவனத்துடன் சைலோ ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒப்பந்தக் காலம் 20 ஆண்டுகள்; குறிப்பிட்ட அளவு தானியத்துக்கான கட்டணத்துக்கு உத்தரவாதமும் உண்டு. தானியம் மக்களுடையது, கட்டணம் பொதுப் பணம். குதிர் மட்டும் தனியார் உடைமை!

2015 ஜனவரியில் அளிக்கப்பட்ட சாந்த குமார் குழு அறிக்கை சைலோக்களை விரிவாக்கப் பரிந்துரைத்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனை மக்கள்தொகையில் 67 சதவீதத்திலிருந்து சுமார் 40 சதவீதமாகக் குறைக்கவும் அதே அறிக்கைதான் பரிந்துரைத்தது. தொழில்நுட்பம் தனியே வருவதில்லை. ஒரு கொள்கையின் தோளில் ஏறியே வருகிறது.

2020இல் வேளாண் சட்டங்களை எதிர்த்த விவசாயிகள் மோகா சைலோவின் வாயிலில் அமர்ந்ததும் இதனால்தான். இன்று அரசு ஆதரவு விலை தரும் வாயிலில், நாளை நிறுவனமே விலை சொல்லும் என்று அவர்கள் அஞ்சினர். 2021 நவம்பரில் அச்சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. உடைமை உறவு அப்படியே நீடித்தது.

கணக்கில் வராதவர்கள்

கோதுமையின் ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டினால் விலை குறைக்கப்படும். 14 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதலே இல்லை. ஆக, ஒரு சிறு கருவி விவசாயியின் ஓராண்டு உழைப்புக்கு விலை வைக்கிறது. அக்கருவியும் எடைமேடையும் தனியார் வளாகத்தில் இருக்கையில், அவற்றைச் சரிபார்க்கும் உரிமை விவசாயிக்கும் அவரது சங்கத்துக்கும் வேண்டும்.

வேலையிழக்கும் மண்டித் தொழிலாளியோ எந்த ஏட்டிலும் இல்லை. சாக்கு மறைந்தால் ஹூக்ளிக் கரையின் சணல் ஆலைத் தொழிலாளியும் சணல் விவசாயியும் சேர்ந்தே அடிபடுவர். இவர்களைக் காக்க வழியில்லாமல் இல்லை. மகாராஷ்டிரத்தின் 1969ஆம் ஆண்டுச் சட்டமும் கேரளத்தின் 1978ஆம் ஆண்டுச் சட்டமும் சுமைப்பணித் தொழிலாளரைப் பதிவு செய்து, வாரியத்தின் கீழ் கொணர்ந்து, அவர்களுக்கு உரிமை வழங்கின.

அவ்வழியில் நாடு முழுவதும் மண்டித் தொழிலாளரைப் பதிவு செய்ய வேண்டும். இயந்திரத்தை இயக்கும் பணிகளில் பயிற்சியும் முன்னுரிமையும் அளிக்க வேண்டும். வேலையிழப்போருக்கு, மிச்சமாகும் செலவிலிருந்தே இழப்பீடு தர வேண்டும். புதிய சைலோக்களை உணவுக் கழகமும் கூட்டுறவுகளும் மட்டுமே கட்ட வேண்டும். இவற்றுக்கான போராட்டத்தில் விவசாயியும் தொழிலாளியும் ஒரே அணியில் நிற்க முடியும், நிற்க வேண்டும். தோளிலிருந்து மூட்டை இறங்கட்டும். அதற்காக ஏழையின் அடுப்பிலிருந்து உலை இறங்கிவிடக் கூடாது.