ரகசிய எண் போட்டால் ரகசியம் ஆகிவிடுமா?

"இதுல பிரைவசி கோட் இருக்கு சார்! நீங்க பேசுறது வேற யாருக்கும் கேட்காது!"

வாக்கி-டாக்கி விற்பவர்கள் இப்படிச் சொல்லித்தான் தலையில் கட்டுகிறார்கள். வாங்குகிறவரும் நம்பிவிடுகிறார். நம்பக் கூடாது!

எண்ணைப் போட்டதும் பேச்சோடு சேர்ந்து மெல்லிய ஓர் ஓசையும் போகிறது. காதுக்குப் பிடிபடாத ஓசை அது. 67 ஹெர்ட்ஸில் தொடங்கி 250 ஹெர்ட்ஸ் வரை 38 ஓசைகள் பல கருவிகளில் உண்டு. தனக்குரிய ஓசை வந்தால்தான் எதிர்முனைக் கருவி ஸ்பீக்கரைத் திறக்கும். இல்லையென்றால் வாய் திறக்காது. அவ்வளவுதான் சங்கதி!

அதாவது எண் போட்டவர் தன் காதைத்தான் பொத்திக்கொள்கிறார். ஊரார் காதை அல்ல. எந்த எண்ணும் போடாமல் அதே சேனலில் உட்கார்ந்திருக்கும் பேர்வழிக்கு எல்லாமே தெளிவாகக் கேட்கும்.

"கேஷ் பை கிளம்பியாச்சு, பஞ்சு மார்க்கெட் வழியா வருது" என்று ராஜபாளையத்தில் ஒருவர் பேசினால், வழிப்பறி ஆசாமிக்குத் தந்தி கொடுத்த மாதிரிதான். பண விவகாரம், சாவி இருக்கும் இடம், ஆளில்லாத குடோன் பற்றியெல்லாம் இதில் மூச்சு விடக் கூடாது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம். ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிக்கிறார்கள். இரண்டு தொண்டர் குழுக்கள் ஒரே சேனலில், ஆளுக்கொரு எண்ணோடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. சேனல் காலி என்று நினைத்து இருவரும் ஒரே நேரத்தில் பட்டனை அமுக்குவார்கள். பாதை ஒன்றுதானே! "முட்டுக்கட்டை போடு" என்ற குரல் கரகரப்பில் காணாமல் போகும். அப்புறம் யாரைக் குற்றம் சொல்வது?

பேசுவதற்கு முன் மானிட்டர் பட்டனை அமுக்கிக் கேட்க வேண்டும். எண்ணைத் தாண்டி, அந்தச் சேனலில் ஓடும் பேச்சு முழுவதும் கேட்கும். குழுவுக்கு ஒரு சேனல் என்று விழாவுக்கு முன்பே பிரித்துக்கொள்வதும், அவசரத்துக்கு எண்ணில்லாத ஒரு பொதுச் சேனலை விட்டுவைப்பதும் பெரிய காரியமல்ல.

லைசென்ஸ் சமாச்சாரம் தனி. 2018-ம் ஆண்டு விதிப்படி 446.0 முதல் 446.2 மெகா ஹெர்ட்ஸ் வரை உள்ள குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம். கருவிக்கு அரசு அங்கீகாரம் மட்டும் இருக்க வேண்டும். மற்ற அலைவரிசைகளில் லைசென்ஸ் இல்லாமல் பேசினால் வம்புதான். இந்த விவரத்தைச் சொல்லாமல் வாக்கி-டாக்கி விற்றதற்காக 2025 மே மாதம் 13 ஆன்லைன் நிறுவனங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

அதோடு நிற்காமல் இந்த 'பிரைவசி' பித்தலாட்டத்தையும் ஆணையம் கவனிக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் அந்த வார்த்தையைக் கொட்டை எழுத்தில் அச்சடிக்கும் கம்பெனிகள், 'பிறர் காதிலும் விழும்' என்று தமிழில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?