காலுக்குத்தான் செருப்பு!

சிண்டரெல்லா கதையை நம் வீட்டுக் குழந்தைகளுக்கு நாம் முழுசாகச் சொல்வதில்லை. செருப்பு, இளவரசன், கல்யாணம், சுபம். அவ்வளவுதான். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதையில் இன்னொரு காட்சி இருக்கிறது. அந்தச் செருப்பு மற்ற இரண்டு சகோதரிகளுக்கும் பொருந்தவில்லை. பெற்ற அம்மாவே கத்தியை எடுத்துக் கொடுக்கிறாள். ராணியாகிவிட்டால் நடக்கிற வேலையே இருக்காது, வெட்டிக்கொள் என்கிறாள். ஒருத்தி கட்டைவிரலை வெட்டிக்கொள்கிறாள். இன்னொருத்தி குதிகாலை. செருப்புக்குள் ரத்தம்.

பயங்கரமான கதைதான். ஆனால் பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் டொரன்டோவிலும் பாலே நடனத்துக்கான செருப்பு விற்கும் கடைகளில், மகளும் அம்மாவும் உட்கார்ந்திருக்கும் இடத்தில், இந்தக் கதை இன்றைக்கும் நடக்கிறது. கத்தி மட்டும்தான் இல்லை.

பாலே நடனக்காரிகள் விரல் நுனியில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 2010-ல் வந்த 'பிளாக் ஸ்வான்' படத்தில் நடாலி போர்ட்மேன் புது ஷூவைப் போட்டு வளைத்து, அடிப்பாகத்தைச் சுரண்டி, ரிப்பன் தைப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? அதுதான் பாயின்ட் ஷூ. வெளியே பளபளக்கும் சாட்டின். உள்ளே என்ன, இரும்பா, மரமா? இரண்டும் இல்லை. சாக்குத் துணி, காகிதம், பசை. அடுக்கடுக்காக ஒட்டி, அடுப்பில் காயவைத்துக் கெட்டியாக்குகிறார்கள். விரல்களைச் சுற்றியிருக்கும் அந்தக் கூட்டுக்கு பாக்ஸ் என்று பெயர். உள்ளங்காலுக்குக் கீழே ஓடும் விறைப்பான பட்டைக்கு ஷாங்க் என்று பெயர். 1993-ல் நியூயார்க்கில் கெய்னர் மின்டன் கம்பெனி இவற்றை நவீன பிளாஸ்டிக் வகைப் பொருளில் செய்து விற்க ஆரம்பித்தது. பழைய முறை அதற்காக ஒழிந்துவிடவில்லை.

1832-ல் பாரிஸில் 'லா சில்ஃபீட்' பாலேயில் மரி டாக்லியோனி நுனிவிரலில் ஆடியபோது இந்தக் கூடும் பட்டையும் கிடையாது. ஓரங்களை நூலால் இழைத்து உறுதிப்படுத்திய மெல்லிய செருப்பு மட்டும்தான். பிறகு சுழற்சிகள் கூடின, ஷூவும் கெட்டியாகிக்கொண்டே வந்தது. ஷூ கெட்டியாக ஆக, அது பொருந்தாவிட்டால் வரும் ஆபத்தும் கூடியது.

ஏன் ஆபத்து? நுனிவிரலில் நிற்கும்போது முழு உடம்பின் எடையும் தீப்பெட்டியை விடச் சிறிய ஒரு தளத்தின் மேல் இறங்குகிறது. பாக்ஸ் காலைச் சுற்றிலும் ஒரே சீராகப் பிடித்தால், அந்த எடையைப் பல பக்கமும் பகிர்ந்துகொள்ளும். பிடிக்காவிட்டால் கால் உள்ளே சரிந்து இறங்கும். மொத்த பாரமும் கட்டைவிரல் நுனியில் உட்காரும். நகம் கறுக்கும். கணுக்கால் ஆடும்.

இப்போது நம்ம ஊர்ப் பழக்கத்துக்கு வருவோம். தீபாவளிக்கு செருப்புக் கடையில் நம் அம்மா அப்பா என்ன சொன்னார்கள்? "வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசாவே குடுங்க." முன்னால் கொஞ்சம் துணியை அடைத்துக்கொண்டு நாமும் ஸ்கூலுக்குப் போனோம். ஒன்றும் குடி முழுகவில்லை. இது தமிழ் அம்மாக்களின் ஏகபோகமும் இல்லை. உலகத்தில் எல்லா அம்மாக்களும் இப்படித்தான்.

பாயின்ட் ஷூவில் மட்டும் அந்தக் கணக்கு எடுபடாது. இங்கே வளர்வதற்கு இடம் விடுவது சிக்கனம் இல்லை, குழந்தையைப் பள்ளத்தில் தள்ளுவது. பெரிய ஷூவுக்குள் பஞ்சையும் ஜெல் பேடையும் திணித்து நிரப்புவது அதைவிட மோசம். தரை எங்கே இருக்கிறது என்று கால் விரலுக்கே தெரியாது. சின்னதாக வாங்கினாலும் தப்பிக்க முடியாது. விரல்கள் மடங்கும், பக்கவாட்டில் நசுங்கும். கட்டைவிரல் மூட்டு புடைக்கும் குணம் இருந்தால் குறுகலான பாக்ஸ் அதை வளர்த்துவிடும். அக்கா போட்ட ஷூவைத் தங்கைக்குக் கொடுப்பதும் கூடாது. அந்த ஷூ அக்காவின் காலுக்கு வளைந்து, ஆயுசு முடிந்துபோன ஷூ.

"இன்டர்நெட்ல பாதி விலைக்குக் கிடைக்குது சார்" என்கிறீர்களா? ஒரு ஜோடி 100 டாலர் என்றால் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும். ஆனால் இந்த ஷூவுக்கு நீளம் மட்டும் தெரிந்தால் போதாது. அகலம், பாக்ஸின் வடிவம், விரல்களை மூடும் பகுதியின் உயரம், ஷாங்க்கின் விறைப்பு எல்லாம் சேர்ந்ததுதான் சைஸ். கட்டைவிரல் நீளமா, இரண்டாம் விரல் நீளமா, எல்லாம் சமமா என்பதைப் பொறுத்து பாக்ஸ் மாறும். முதல் ஜோடியைத் திரையைப் பார்த்து வாங்குவது, பக்கத்து வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வது மாதிரி.

அடுத்தது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கும் விஷயம். வலியைப் பற்றிய புராணம். "பாலேன்னா வலிக்கத்தான் செய்யும். ரத்தம் வராம கலை வருமா?" இதை டீச்சர் சொல்கிறார். சீனியர் பெண்கள் சொல்கிறார்கள். சினிமா சொல்கிறது. ரத்தம் கசிந்த விரல்களின் போட்டோவைப் பெருமையாக மாட்டிவைக்கிறார்கள்.

கொஞ்சம் யோசியுங்கள். கொப்புளம் வரும், கெண்டைக்கால் கடுக்கும், அதெல்லாம் பழக்கத்தில் சரியாகும். மறுக்கவில்லை. ஆனால் நகத்தடியில் குத்துவதும், மூட்டு எரிவதும், விரல் மரத்துப்போவதும் தியாகம் அல்ல. "இந்த ஷூ எனக்கானது இல்லை" என்று கால் அனுப்பும் தந்தி அது. அந்தத் தந்தியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பொறுத்துக்கொள் என்று ஒரு குழந்தையிடம் சொல்வதற்குக் கலை என்று பெயரா?

பெரிய நட்சத்திரங்கள் யாராவது அப்படிப் பொறுத்துக்கொள்கிறார்களா என்று பாருங்கள். 1929-ல் ஃப்ரெடரிக் ஃப்ரீடும் மனைவி டோராவும் தொடங்கிய ஃப்ரீட் ஆஃப் லண்டனில், ஷூ செய்யும் ஒவ்வொரு கைவினைஞருக்கும் ஒரு முத்திரை உண்டு. நங்கூரம், மீன், கிரீடம் என்று செருப்பின் அடியில் குத்தியிருக்கும். தனக்குப் பிடித்த கைவினைஞரின் ஷூதான் வேண்டும் என்று நடனக்காரிகள் அடம் பிடிக்கிறார்கள். ஓரத்தை இவ்வளவு குறை, பட்டையை இவ்வளவு மென்மையாக்கு என்று தன் காலுக்கென்று தனியாகச் செய்து வாங்குகிறார்கள். முழுநீள பாலே ஒன்றில் ஒரே ராத்திரியில் ஒரு ஜோடி செத்துப்போவதும் உண்டு. அதற்குக் கம்பெனி பணம் கட்டுகிறது. ஆக, எலும்பு முற்றி, பயிற்சி முடித்து, பேரும் புகழும் வந்தவருக்கு அளவெடுத்த ஷூ. எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அலமாரியில் எது இருக்கிறதோ அது. என்ன நியாயம் இது?

காலைவிடச் செருப்பு பெரிது என்ற மனோபாவம் அளவோடு நிற்கவில்லை, நிறத்துக்கும் போனது. பாயின்ட் ஷூ என்றால் இளஞ்சிவப்பு. வெள்ளைத் தோலோடு அது கலந்து, கால் நீண்டு தெரியும். கறுப்பு நடனக்காரிகள்? முகத்துக்குப் போடும் ஃபவுண்டேஷன் க்ரீமை வாங்கி, ஒவ்வொரு ஜோடி ஷூவிலும் உட்கார்ந்து பூசினார்கள். லண்டனின் பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து ஃப்ரீட் பழுப்பு நிற ஷூக்களைக் கொண்டுவந்தது 2018-ல். கம்பெனி தொடங்கி 89 வருஷம் கழித்து!

சரி, என்னதான் செய்வது? முதல் கேள்வி எந்த ஷூ என்பதல்ல, இப்போது ஷூ வேண்டுமா என்பதுதான். நடன மருத்துவத்துக்கான சர்வதேச சங்கத்தின் வழிகாட்டி, 12 வயசுக்கு முன் நுனிவிரல் ஆட்டம் வேண்டாம் என்கிறது. 12 ஆனால் மட்டும் போதாது, கணுக்கால் வளைய வேண்டும், வயிறும் இடுப்பும் உடம்பைப் பிடிக்க வேண்டும். "எதிர் வீட்டுப் பொண்ணு ஏறிட்டா, நம்ம பொண்ணு இன்னும் ஏறலையா?" என்கிற அவசரம் நமக்குப் புதுசா? போதிய பயிற்சி இல்லாமல் மண்டபம் புக் பண்ணி, பத்திரிகை அடித்து அரங்கேற்றம் நடத்துகிறவர்கள் நாம். ஆனால் பரதத்தில் வெறுங்கால். அவசரப்பட்டால் பெரும்பாலும் மானம்தான் போகும். இங்கே எலும்பு போகும்.

டீச்சர் சரி என்ற பிறகு, அனுபவமுள்ள ஃபிட்டர் இருக்கும் கடைக்குப் போங்கள். ஒரு மணி நேரம் ஆகட்டும், பத்து ஜோடி மாற்றட்டும். தரையில் நிற்கும்போது விரல்கள் மடங்காமல் நீட்டியபடி, நுனி லேசாகத் தொட வேண்டும். முட்டியை மடக்கினால் கொஞ்சம் அழுத்தமாகத் தொடும், அது சரி. நுனியில் ஏறி நிற்கும்போது குதிகாலில் கொஞ்சம் துணியைக் கிள்ளி எடுக்க முடிய வேண்டும். கைநிறைய வந்தால் ஷூ நீளம். பட்டை உள்ளங்காலோடு ஒட்டி வளைய வேண்டும். ரொம்ப விறைப்பென்றால் தளத்தின் மேல் ஏறவே முடியாது. ரொம்ப மென்மையென்றால் முன்னால் விழுந்துவிடுவாள். பஞ்சு வைத்துத்தான் ஆடப் போகிறாள் என்றால் அதே பஞ்சோடு அளவு பாருங்கள். ரிப்பன் தைப்பதற்கு முன் டீச்சரிடம் காட்டுங்கள். கொஞ்ச மாதத்தில் கால் வளர்ந்துவிட்டதா? திரும்பவும் முதலிலிருந்து. ஆமாம், செலவுதான். முடியாதென்றால் ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். வெறும் மெத்துச் செருப்பில் ஆடும் பாலேவும் பாலேதான்.

கடைசியாக ஒன்று. அந்தக் கடையில் ஃபிட்டரும் பேசுவார், டீச்சர் எழுதிக் கொடுத்த சீட்டும் பேசும், விலைச்சீட்டும் பேசும். பேசாமல் உட்கார்ந்திருப்பது அந்தப் பெண் மட்டும்தான். ஷூ கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில், வலித்தாலும் "நல்லா இருக்கும்மா" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க இடிக்குது, சொல்லு" என்று இரண்டு தரம் கேளுங்கள். அவள் சொல்வதை நம்புங்கள். காலுக்குத்தான் செருப்பு, செருப்புக்குக் கால் இல்லை. கிரிம் கதையின் அம்மா இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் கத்தியை எடுக்க வேண்டி வந்திருக்காது.