பிடிக்கு ஒரு வாத்தியார்

அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு வேலை உண்டு. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி முட்டி மோதும் அவர்களுடைய கால்பந்தில், தடுக்கும் அணியின் முன்வரிசையில் குனிந்து நிற்பார்களே மூன்று நான்கு மலைபோன்ற பையன்கள், அவர்களுக்கு மட்டும் பாடம் எடுக்கும் வேலை. பந்து வீசுபவனுக்கு வேறு ஆள், ஓடுபவனுக்கு வேறு ஆள். இவருக்கு அந்த முன்வரிசைதான் உலகம். கையை எங்கே வைப்பது, முதல் அடியை எந்தக் காலில் எடுப்பது, எதிராளியின் தோளை எப்படித் திருப்புவது. இதையே வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்து ஒருவர் ஓய்வு பெறலாம்.

லாரி ஜான்சன் என்று ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூடங்களில் பல வருடம் பயிற்சி கொடுத்துவிட்டு 1996-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். முதலில் வரிசையின் ஓரத்தில் நிற்பவர்களுக்கு, 2000 முதல் முழு வரிசைக்கும். 2014-இல் ஒஹையோ ஸ்டேட்டுக்கு மாறினார். ஜோயி போசா, நிக் போசா, சேஸ் யங் என்று தொழில்முறை லீக் போட்டி போட்டுக்கொண்டு எடுத்துச்சென்ற பையன்கள் அவரிடம் பயின்றவர்கள். 2020 டிசம்பரில் தலைமைப் பயிற்சியாளருக்குக் கொரோனா வந்துவிட, ஒரே ஓர் ஆட்டத்துக்கு இவர் தலைமை ஏற்றார். மிச்சிகன் ஸ்டேட்டை 52-12 என்று வென்றார்கள். பிறகு பழையபடி தன் முன்வரிசைக்கே திரும்பிவிட்டார். 2025 ஜனவரியில் ஒஹையோ ஸ்டேட் தேசியப் பட்டம் வென்றபோது, எழுபது வயதைத் தாண்டியும் அதே வேலையில் இருந்தார். எந்த வருடம் எந்தக் கல்லூரி, யார் யார் மாணவர்கள் என்று எல்லாமே பதிவில் இருக்கிறது.

ஆவடியில் உட்கார்ந்துகொண்டு இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், எங்கள் பக்கத்து மைதானத்தில் மாலை வேளைகளில் ஒருவர் இதே வேலையைச் செய்கிறார். ஆட்டம் மட்டும் வேறு. கபடி. தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தத் தொழிற்சாலை அணிக்கு ஒரு காலத்தில் கார்னர் ஆடியவர். ரெய்டு போகும் பையன்கள் பக்கம் அவர் திரும்புவதே இல்லை. பிடிக்கிற பையன்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஓரமாக நிறுத்திக்கொள்வார்.

“மூஞ்சியப் பாக்காதடா. மூஞ்சி பொய் சொல்லும். இடுப்பப் பாரு.”

“பிடிச்சிருப்பேண்ணா, வழுக்கிடுச்சு.”

“வழுக்கல. நீ அவசரப்பட்டுட்ட. அவன் திரும்பறதுக்கு முன்னாடி ஏன் போன?”

கபடியைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்ப்பவர்களுக்குக் கார்னரின் அவஸ்தை புரிவது கடினம். பாடிவருகிறவனுக்கு முப்பது விநாடி. ஆறரை மீட்டர் ஆழமுள்ள பாதிக் களத்தில் எதிரே ஏழு பேர். அதில் இரு ஓரங்களிலும் கடைசியில் நிற்பவர்கள்தான் கார்னர்கள். போனஸ் புள்ளி வேண்டுமென்றால் பாடிவருகிறவன் போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைக்க வேண்டும், அந்த நொடியில் பின்கால் தரையில் படாமல் காற்றில் இருக்க வேண்டும். அப்படி ஒற்றைக்காலில் நிற்கிற நொடிதான் கார்னருக்குக் கிடைக்கிற நேரம். கணுக்காலைப் பற்றிவிட்டால் ஆங்கிள் ஹோல்டு. கண்ணிமைக்கும் நேரம் முந்தினால் தலைக்கு மேல் தாண்டிப் போய்விடுவான், பிந்தினால் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குப் போய்விடுவான். கார்னர் பிடித்த அடுத்த கணம், உள்பக்கம் கவர் என்ற இடத்தில் நிற்பவன் வந்து மோதவில்லையென்றால் பிடித்த பிடியும் வீண். ஆகவே இது கைபலத்தை மட்டும் நம்பிய வித்தையே அல்ல. பக்கத்தில் நிற்பவன் எப்போது வருவான் என்று தெரிந்திருக்க வேண்டும், எதிராளி போன ரெய்டில் எந்தக் காலைப் போட்டான் என்று நினைவில் இருக்க வேண்டும்.

வயது ஏற ஏற மெருகேறக்கூடிய இடம் அது என்பதற்குத் தர்மராஜ் சேரலாதனைவிடச் சாட்சி வேண்டியதில்லை. தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், 1975-இல் பிறந்தவர், வலது கார்னர். 2014-இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது அவர் வயதுக்காரர்கள் பெரும்பாலும் ஆட்டத்தை விட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். இவர் அப்போதுதான் இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்கினார். 2016-இல் பாட்னா பைரேட்ஸுக்குத் தலைவராக இருந்து, இறுதியாட்டத்தில் ஜெய்ப்பூரை 37-29 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார். அதே வருடம் அக்டோபரில் அகமதாபாத்தில் ஈரானை 38-29 என்று வென்று உலகக் கோப்பையை எடுத்த இந்திய அணியிலும் இருந்தார். புனே, மும்பை, ஹரியானா, ஜெய்ப்பூர் என்று ஊர் ஊராக ஆடினார். நாற்பத்தாறு வயதிலும் ஜெய்ப்பூர் அணியின் சட்டையில் களத்தில் நின்றார். உடன் ஆடிய பையன்கள் சிலருக்கு அவர் வயதில் பாதி இருந்தால் அதிகம். வடக்கத்திப் பையன்களும் அவரை “அண்ணா” என்றுதான் கூப்பிட்டார்கள்.

பாட்னாவிலும் பிறகு யு மும்பாவிலும் எதிர் ஓரத்தில் அவருக்குத் துணையாக நின்ற இடது கார்னர் யார் தெரியுமா? ஈரானின் ஃபாசெல் அத்ராசலி. புரோ கபடியில் ஒரு கோடி ரூபாய்க்கு ஏலம் போன முதல் ஆள், 2018-இல். முதல் கோடி ரெய்டருக்குப் போகவில்லை, பிடிக்காரருக்குப் போனது. பிடிக்கிறவனுக்குச் சந்தையில் மதிப்பில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. பிடி கற்றுத்தருபவருக்கு என்ன மதிப்பு என்பதுதான் என் கேள்வி.

சேரலாதன் ஆட்டக்காரராக, புரோ கபடியில் நம் மாநில அணியான தமிழ் தலைவாஸுக்கு ஒருபோதும் ஆடவில்லை. 2017-இல் அந்த அணி வந்ததிலிருந்து நம் வீடுகளில் எல்லாரும் தொண்டை வறளக் கத்திப் பார்த்தாயிற்று. 2022-இல் அஷன் குமார் பயிற்சியில் முதல்முறையாக அரையிறுதி வரை போனார்கள். அந்த அணியின் முதுகெலும்பு தடுப்பாட்டம்தான். ஆனால் இரண்டு ஓரங்களிலும் நின்றவர்கள் சாகரும் சாஹில் குலியாவும். இருவரும் ஹரியானாப் பையன்கள். நம்மூர் எம். அபிஷேக் கவரில் நின்றார். வெளியூர்க்காரர் ஆடக்கூடாது என்று நான் சொல்லவில்லை; சாகர் பிடித்த பிடிகளுக்கு நானும் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறேன். ஆனால் சேரலாதனைத் தந்த மண்ணில், பொங்கலுக்குத் தெருவுக்குத் தெரு கபடிக் கோப்பை வைக்கிற மாநிலத்தில், ஓரத்துக்கு ஏன் ஆள் கிடைக்கவில்லை? 2024-இல் தலைவாஸ் நிர்வாகம் உதயகுமாரைத் தலைமைப் பயிற்சியாளராகவும் சேரலாதனை வியூகப் பயிற்சியாளராகவும் கொண்டுவந்தது. நல்ல யோசனை, ஆனால் ஒரே சீசனில் பலன் கேட்டார்கள். அடுத்த சீசனுக்குத் தலைமைப் பொறுப்பில் சஞ்சீவ் பலியான் வந்துவிட்டார். ஒரு கார்னர் பழுக்க எத்தனை வருடம் ஆகும் என்பதைச் சேரலாதனின் சொந்த வாழ்க்கையே காட்டுகிறதே, அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

அணி முதலாளிகளை விடுங்கள். நான் கவலைப்படுவது கல்லூரிகளைப் பற்றி. அம்பத்தூரிலிருந்து ஆவடி, பூந்தமல்லி, திருவேற்காடு என்று சாலையின் இருபுறமும் எத்தனை பொறியியல், கலைக் கல்லூரிகள்! கபடிக்கு இலவச இடம் கொடுத்துப் பையன்களைச் சேர்க்கிறார்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்விலேயே விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. நல்ல காரியம். ஆனால் சேர்ந்த பிறகு அந்தப் பையனுக்குக் கற்றுக்கொடுப்பது யார்? பிசிகல் டைரக்டர் ஒருவர். அவரே வாலிபாலுக்கும், கூடைப்பந்துக்கும், கேரமுக்கும், விளையாட்டு விழா அணிவகுப்புக்கும், தாமதமாக வருகிறவனை வாசலில் மடக்குவதற்கும் பொறுப்பு. இதில் வலது கார்னருக்குத் தனியாக மாலையில் ஒரு மணி நேரம் எங்கே ஒதுக்குவார்? அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

எல்லா ஆட்டத்துக்கும் ஒரே ஆசிரியர் என்கிற ஏற்பாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-இல் தொடங்கிய ஹாரி குரோ பக் அமெரிக்கர். கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவர். அந்தக் காலத்தில் பள்ளிக்கு ஓர் உடற்கல்வி ஆசிரியர் கிடைத்தாலே பெரிது. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. நந்தனத்தில் உள்ள அந்தக் கல்லூரியில் படித்து வெளியே போன ஆசிரியர்கள்தான் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டுப் பையன்களை விசில் ஊதி ஓடவிட்டார்கள். ஆனால் பக் பிறந்த நாட்டுக் கல்லூரிகள் அதற்குப் பிறகு வெகுதூரம் போய்விட்டன. பெரிய கல்லூரிக் கால்பந்து அணி ஒவ்வொன்றுக்கும் தலைமைப் பயிற்சியாளர் போக பத்து உதவிப் பயிற்சியாளர்கள் என்று 2018-இல் விதி வைத்தார்கள். பின்னர் அந்த வரம்பையும் தளர்த்திவிட்டார்கள். நாம் மட்டும் இன்னும் 1920-இலேயே நிற்கிறோம். அவர்களிடம் கொட்டிக் கிடக்கிற பணம் நம்மிடம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பெரிய பணம் இல்லாமலே கிடைக்கக்கூடிய ஒன்றை நாம் கைநழுவ விடுகிறோம்.

இந்தப் பகுதியின் வரலாற்றைப் பாருங்கள். 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் வந்தது. 1955-இல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை, பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., ஆவடியில் விஜயந்தா டாங்கி செய்த கனரக வாகனத் தொழிற்சாலை. கூடவே சிறப்புக் காவல் படை, மத்திய ரிசர்வ் போலீஸ். ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த ஒரு கபடிப் பையனுக்கு ரயில்வேயோ காவல் துறையோ மின் வாரியமோ ஒரு தொழிற்சாலையோ வேலை கொடுக்கும் என்பதுதான் அன்றைய கனவு. இன்றும் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு என்றால் வீட்டில் அம்மா அப்பா நிமிர்ந்து உட்கார்கிறார்கள். வேலை கிடைத்ததும் அணிக்கு ஆடுவார்கள், முழங்கால் போனதும் முழுநேரமும் ஷிஃப்ட். ஐம்பத்தெட்டிலோ அறுபதிலோ மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். இருபது வருடம் அனுபவித்துத் தெரிந்துகொண்ட பிடிகளெல்லாம் அவர்களோடு வீட்டுக்குப் போய்விடும். அவர்களைப் பற்றி எந்தப் பதிவும் கிடையாது. பயிற்சி கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு காகிதம்கூட இருக்காது.

நம்மிடம் மதிப்புக் கிடைக்காத பயிற்சியாளரை அடுத்தவன் கூட்டிப்போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின் ஈரான் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளரானார். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் அவருடைய அணி இந்தியாவை 27-24 என்று தோற்கடித்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு போனது. அதே போட்டியில் நம் ஆண்கள் அணியும் அரையிறுதியில் ஈரானிடம்தான் விழுந்தது. 1990-இல் பெய்ஜிங்கில் கபடி சேர்க்கப்பட்ட நாளிலிருந்து ஆண்கள் பிரிவில் தங்கத்தை விட்டுக்கொடுக்காத நாடு அன்று வெண்கலத்தோடு திரும்பியது. ஈரான்காரர்கள் பிடித்த பிடிகளை மறுநாள் டீக்கடையில் ஆளுக்கு ஆள் கையை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

எங்கள் மைதானத்து அண்ணனிடம் ஒருநாள் கேட்டேன், பக்கத்துக் கல்லூரி எதிலாவது போய்ச் சொல்லிக்கொடுக்கலாமே என்று. “யார் சார் உள்ள விடுவாங்க? டிகிரி இருக்கான்னு கேப்பாங்க. நான் ஐ.டி.ஐ.” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக வேண்டுமானால் முதுகலைப் பட்டம், நெட் தேர்வு எல்லாம் வேண்டும். நிரந்தரப் பதவிக்கு அந்த விதி நியாயமானதே, அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பாட வகுப்புகளுக்குக் கௌரவ விரிவுரையாளர் என்று தற்காலிகமாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிற கல்லூரிகள், விளையாட்டுக்கு மட்டும் அந்த வழியை ஏன் யோசிப்பதில்லை? மண்டலப் போட்டிக்கு முந்தைய இரண்டு மாதம், வாரத்துக்கு மூன்று மாலை, பிடிக்காரர்களுக்கு மட்டும். ஒரு கபடி மேட் வாங்குகிற காசில் ஒரு துளிதான் ஆகும். வாங்கிய மேட்டைச் சுருட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிற கல்லூரிகளை எனக்குத் தெரியும்.

இரண்டு மூன்று கல்லூரி பிசிகல் டைரக்டர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் மட்டும், “எழுத்துல குடுங்க சார், பிரின்சிபல்கிட்ட வைக்கறேன்” என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். அண்ணனுடைய பெயருக்கு எதிரே “தகுதி” என்ற கட்டத்தில் “வலது கார்னர், 19 வருடம்” என்று போட்டிருக்கிறேன்.