புல்லுக்கும் பட்டா கேட்கிறார்கள்

மாடு மேய்க்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான். மேய்த்ததெல்லாம் அடுத்தவன் மாடு, அடுத்தவன் நிலம். வறட்சி நிவாரணம் என்று போய் நின்ற இடத்தில் எங்கப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி: ‘பட்டா இருக்கா?’ இதே கேள்வி அமெரிக்காவிலும் கேட்கப்படுகிறது என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அங்கே வறட்சியில் மேய்ச்சல் புல் கருகினால் மாட்டுப்பண்ணைக்காரர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது. 2008 வேளாண் சட்டத்தில் வந்த திட்டம், 2014இல் நிரந்தரமாக்கினார்கள். வியாழக்கிழமைதோறும் ஒரு வறட்சி வரைபடம் வெளியாகிறது. கவுன்டி என்பது நம்ம தாலுகா, மாவட்டம் மாதிரி. மேய்ச்சல் காலத்தில் அந்தக் கவுன்டி கடும் வறட்சி என்று சொன்ன வாரக்கணக்குக்கு வரைபடத்தில் நின்றால் போதும். மந்திரி வந்து பார்வையிடவேண்டிய அவசியமில்லை. ஒரு தவணை என்பது ஒரு மாதத் தீவனச் செலவில் 60 சதவீதம். வறட்சி முற்ற முற்ற 5 தவணை வரை உண்டு. ஆளுக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் உச்சவரம்பு.

இதை நான் குறை சொல்லவில்லை. நிவாரணம் பிச்சையில்லை, உரிமை. வரைபடமே சாட்சி என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் வரைபடத்துக்கும் பணத்துக்கும் நடுவில் ஒரு காகிதம் உட்கார்ந்திருக்கிறது. மாடு உன் பொறுப்பில் இருக்கணும். மேய்ச்சல் நிலமும் சொந்தமாகவோ குத்தகையாகவோ உன் கையில் இருக்கணும். மாட்டுக்கு எவ்வளவு தீவனம் வேண்டும், நிலம் எத்தனை மாட்டைத் தாங்கும் என்று இரண்டையும் பார்த்து, எது குறைவோ அதற்குத்தான் பணம். கூலிக்கு மேய்க்கிறவன் இந்தக் கணக்கிலேயே வரமாட்டான்.

சரி, நிலம் யார்கிட்ட இருக்கு? 1920இல் அங்கே கறுப்பின விவசாயிகள் 9 லட்சத்துக்கு மேல். இப்போது 50 ஆயிரத்துக்கும் கீழே. மிஞ்சிய நிலத்திலும், உயில் எழுதாமல் செத்துப்போன தாத்தாவின் நிலம் பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் பொதுவாகக் கிடக்கும். தெளிவான பத்திரம் இல்லையென்றால் வேளாண் ஆபீசில் பண்ணை எண் கிடைக்காது. எண் இல்லாதவனுக்கு நிவாரணமும் இல்லை. மாற்று ஆவணமும் செல்லும் என்று 2018 சட்டத்தில்தான் வழி செய்தார்கள்.

பத்திரம் இருந்தவன் மட்டும் தப்பித்தானா? உள்ளூர் விவசாயிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கவுன்டி கமிட்டி இருக்கிறது. தெற்கு மாநிலங்களில் பல பத்தாண்டுகள் அதில் வெள்ளையர் ஆதிக்கம்தான். ஊர்ப் பஞ்சாயத்து எப்படி நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடனிலும் உதவித்தொகையிலும் ஓரவஞ்சனை என்று கறுப்பின விவசாயிகள் போட்ட பிக்ஃபோர்ட் வழக்கு 1999இல் சமரசமானது; 100 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியதாயிற்று. கடன் மறுக்கப்பட்ட பூர்வகுடிகள் போட்ட கீப்சீகிள் வழக்கு 2010இல் 76 கோடி டாலரில் முடிந்தது. கடன் கொடுக்காவிட்டால் மாடு வாங்க முடியாது. மாடு இல்லாதவன் புல்லுக்கு நிவாரணம் கேட்க முடியுமா?

2021இல் ஒதுக்கப்பட்ட விவசாயிகளின் கடனைத் தள்ளுபடி செய்யச் சட்டம் வந்தது. வெள்ளை விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார்கள்; 2022இல் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள். 2025 ஜூலையில், இனம், பாலினம் பார்த்துத் தரும் முன்னுரிமை இனிக் கிடையாது என்று வேளாண் துறை அறிவித்தது. எல்லாரும் சமமாம்! நூறு வருஷமாக நிலத்தைப் பறிகொடுத்தவனையும் அந்த நிலத்தை வாங்கி வளைத்தவனையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டுச் சொல்கிற சமம் இது. இடஒதுக்கீட்டுக்கு எதிராக இங்கே கேட்கிற அதே குரல்.

தோழர்களே, உங்கள் ஊரில் நிவாரணப் பட்டியல் ஒட்டினால் யார் பேர் இருக்கு என்று மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். என்ன காகிதம் கேட்டார்கள், அது யார் கைக்கு ஏன் வராமல் போனது என்று அங்கேயே நின்று கேளுங்கள். எங்கப்பா கேட்காமல் திரும்பி வந்தார். அவரோட சேர்ந்து நிற்க அன்றைக்கு ஆளில்லை.